ஊர்வன கூண்டுக்கு வெப்பம், ஈரப்பதம் அளக்கும் இரட்டை சென்சார் டிஜிட்டல் மீட்டர்: வாங்கலாமா?

கண்ணாடியில் ஒட்டும் முள் மீட்டரைத் தூக்கிப் போடலாம். அது காட்டுவது சுவரோரச் சூடு. பிராணி படுக்கும் இடத்தின் சூடு அல்ல. ஒயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் வகையே மேல். இரண்டு சென்சார் இருந்தால் ஒன்று சூடான பக்கம், மற்றது குளிர்ந்த பக்கம். லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி வகைக்குச் சூடான தரை 32–34 டிகிரி செல்சியஸ், மறுமுனை 24–26 இருக்க வேண்டும்.

விளக்கின் நேர் ஒளி சென்சாரில் பட்டால், காற்றின் வெப்பம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். தண்ணீர்க் கிண்ணத்தருகே வைத்தால் ஈரப்பதம் பொய்யாக ஏறும். ஸ்ப்ரே நேராகப் பட்டால் எண் 99-இலேயே நின்றுவிடும், எடுத்து உலர்த்துங்கள். சென்சாரைப் பொருத்த டேப் மட்டும் வேண்டவே வேண்டாம், பிராணியின் தோலில் ஒட்டினால் பிய்த்துவிடும்.

ஈரப்பத அளவைச் சோதித்த பிறகே நம்புங்கள். பாட்டில் மூடியில் உப்பை ஈர மணல் பதத்தில் நனைத்து, மீட்டரோடு ஜிப் பையில் அடைத்து 12 மணி நேரம் விடுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 என்றால் 5 கூட்டிப் படியுங்கள்.

வெயில் காயும் பாறையின் மேற்பரப்புக்கு தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன்தான் சரி. டிஜிட்டல் மீட்டர் அளப்பதோடு சரி, ஹீட்டரை அணைக்காது; சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் தனியே கட்டாயம்.