பரீட்சைப் படிப்புக்கு எந்த டைமர்?

படிக்கிற மேஜையில் வைக்க டைமர் தேடினால் மூன்று வகை கண்ணில் படும்: திருகிவிடுகிற மெக்கானிக்கல், பட்டன் வைத்த டிஜிட்டல், சிவப்புத் தட்டு சுருங்கிக்கொண்டே வரும் விஷுவல் டைமர். வினாத்தாளைப் பார்த்ததும் கை நடுங்குகிற பிள்ளைக்கு டிஜிட்டல்தான் தேறும். சமையலறைச் சாமான் கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண கிச்சன் டைமரே போதும்.

தக்காளி வடிவ மெக்கானிக்கல் டைமர் பார்க்க அழகு. 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்கிற பொமொடோரோ முறைக்குப் பெயர் வந்ததே அதனால்தான். 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் இப்படியொரு டைமரை வைத்துத் தொடங்கியது அது. இத்தாலிய மொழியில் பொமொடோரோ என்றால் தக்காளி. ஆனால் உள்ளே இருப்பது ஸ்பிரிங். பத்து நிமிடத்துக்கு நேராகத் திருகினால் முறுக்கு போதாமல் மணி முனகும், சமயத்தில் அடிக்கவே அடிக்காது. 55 வரை திருகிவிட்டு வேண்டிய எண்ணுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதைவிடத் தொல்லை அந்த டிக்டிக். ஏற்கெனவே படபடக்கிற நெஞ்சுக்கு அது தாளம் போடும்.

விஷுவல் டைமரில் சத்தமில்லை, ஆனால் விலை கூடுதல், பெரும்பாலும் 60 நிமிடம்தான். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்லது. போன் பற்றிச் சொல்லவே வேண்டாம். நேரம் பார்க்க எடுத்த கை எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

டிஜிட்டலில் நிமிடத்துக்கு ஒரு பட்டன், நொடிக்கு ஒன்று, தொடங்க நிறுத்த ஒன்று. முதல் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பூஜ்யம். அதிகபட்சம் 99 நிமிடம் 59 நொடி என்பதால் மூன்று மணி நேரத் தேர்வை ஒரே வீச்சில் வைக்க முடியாது. அதையே சாதகமாக்கலாம். பிளஸ் டூ கணிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 90 மதிப்பெண், 180 நிமிடம். ஒரு மதிப்பெண் வினா 20க்கு 20 நிமிடம், இரண்டு மதிப்பெண் வினா ஏழுக்கு 25, மூன்று மதிப்பெண் ஏழுக்கு 40, ஐந்து மதிப்பெண் ஏழுக்கு 75. மொத்தம் 160. மிச்சம் 20 நிமிடம் விட்டதை முடிக்கவும் சரிபார்க்கவும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக டைமர் வையுங்கள். பீப் வந்தால் கணக்கு பாதியில் நின்றாலும் நான்கு வரி இடம் விட்டு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். டைமருக்குக் கொடுத்த காசு எதற்கு என்றால் இந்த ஒரு பழக்கத்துக்குத்தான். ஹாலில் பதற்றம் கிளம்புவது பெரும்பாலும் ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டு மணியைப் பார்க்கும்போது. விட்டுவிட்டு நகர்வதை வீட்டிலேயே பத்துத் தடவை செய்த கை, அங்கே தானாக நகரும்.

25க்கு 5 கணக்கு மனப்பாடத்துக்குப் பொருந்தும். கணிதம், இயற்பியல் கணக்குகளுக்கு 50க்கு 10 வையுங்கள். இல்லையென்றால் சூடு பிடிக்கும்போது பீப் அடித்துக் கெடுக்கும்.

திரையைக் கண்ணெதிரே வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. குறைகிற எண்ணைப் பார்த்துப் பார்த்தே பயம் ஏறும். பின்னால் காந்தம் இருக்கிறதே, முதுகுப் பக்கம் பீரோவில் ஒட்டிவிடுங்கள். பீப் தூக்கிவாரிப் போட்டால், ஒலி வரும் துளைகள் மேல் இரண்டு மடிப்பு செலோடேப்; சத்தம் குறையும்.

பல மாடல்களில் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்கினால் நேரம் ஏறுமுகமாக ஓடும். மூச்சுப் பயிற்சிக்கு இது பிரமாதம். நான்கு நொடி இழுத்து, ஆறு நொடி விட்டால் ஒரு சுற்று 10 நொடி. 10, 20, 30 என்று திரை மாறும்போதெல்லாம் அடுத்த மூச்சு; எண்ணவே வேண்டாம். 5:00 வந்தால் முப்பது சுற்று. நீட் தேர்வில் கைக்கடிகாரத்துக்கு அனுமதி இல்லை, அங்கே சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் இதே வேலையைச் செய்யும்: 12லிருந்து 2 வரை ஒரு மூச்சு, 2லிருந்து 4 வரை அடுத்தது.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாரக்கணக்கில் பயம் விடாவிட்டால் அது டைமரால் தீரும் சங்கதி இல்லை. செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. 14416, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

வாங்கும்போது கடையிலேயே பேட்டரி போட்டுப் பார்த்துவிடுங்கள். நிமிடப் பட்டன் ஒரு அழுத்துக்கு இரண்டு எண் தாவினால் வேறு கேளுங்கள். பேட்டரி மூடி தளர்ந்திருந்தால் மேஜையில் தட்டியதுமே ஓடிக்கொண்டிருந்த நேரம் அழிந்துவிடும்.