ஈரோட்டில் எண்டோஸ்கோப்பி: இந்த மையம் எப்படி?

வாய்வழியே கேமரா வைத்த குழாயை விட்டு வயிற்றின் உள்ளே பார்ப்பதுதான் எண்டோஸ்கோப்பி. பெருந்துறை ரோட்டில் உள்ள இந்த மையத்தில் வேலை சுத்தம். 8 மணி நேரம் வெறும் வயிறு, தொண்டை மரத்துப்போக ஸ்பிரே, பத்தே நிமிடம். புண் தென்பட்டால் அதன் ஓரத்திலும் நடுவிலுமாக 6 சதைத் துணுக்குகளாவது எடுத்து பயாப்சிக்கு (திசுச் சோதனைக்கு) அனுப்புகிறார்கள். ஒன்றிரண்டோடு நிறுத்தினால் புற்றுநோய் இருந்தும் கண்ணில் படாமல் போய்விடலாம்.

குறை உண்டு. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிச் சோதனைக்கு 2 வாரம் முன்பே, டாக்டரைக் கேட்டு, பான்டோபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தவேண்டும். முன்பதிவில் யாரும் சொல்வதில்லை. மாத்திரை போட்டுக்கொண்டே போனால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வரும்.

உணவுச் சீட்டும் அரைகுறைதான். ‘காரம் குறைங்க’ என்கிறது. உப்புக்கண்டம், கருவாடு, ஊறுகாய் பற்றி ஒரு வரி இல்லை. வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்குவதில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டுங்க.

இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைகிறதா, காரணமில்லாமல் எடை இறங்குகிறதா, மலம் தார்போலக் கருக்கிறதா? (இரும்புச்சத்து மாத்திரையாலும் கருக்கும்.) அல்சர் சிரப் குடித்துத் தள்ளிப்போடாமல் டாக்டரைப் போய்ப் பாருங்க.