தகரமும் கரியும்: எது உலோகம், எது அல்லுலோகம்?

மழை வந்தால் லயத்துக் கூரை காதைப் பிளக்கும். அந்தத் தகரம் நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு. பூச்சு தேய்ந்த இடத்தில் துரு ஏறிவிடும். இரும்பைச் சுத்தியலால் அடித்தால் நெளியும். அடுப்புக் கரியை அடித்தால் பொடிதான். கரி பெரும்பாலும் காபன், அதாவது அல்லுலோகம்.

அலுமினியக் கேத்தல் சட்டென்று சூடேறும், தொட்ட கையையும் சுடும். அல்லுலோகங்கள் பொதுவாக வெப்பத்தையும் மின்னையும் எளிதில் கடத்தா. சரி, பென்சிலில் இருக்கும் காரீயம் (கிராபைட்)? அங்கேதான் குழப்பம்! அதுவும் காபன்தான், ஆனால் மின்னைக் கடத்தும். லேசாகப் பளபளக்கவும் செய்யும். ஆகவே ‘பளபளத்தால் உலோகம்’ என்று மனப்பாடம் செய்வது எனக்குப் பிடிக்காது. நம் மலைக்குக் கீழே, கேகாலைப் பக்கம் போகலச் சுரங்கத்தில் இந்தக் காரீயத்தைத் தோண்டி எடுக்கிறார்கள்.

இரசம் (பாதரசம்) உலோகம்தான், ஆனால் அறை வெப்பநிலையில் திரவம்.