எங்கள் கோடிங் குழுவை ஸூலிப்புக்கு மாற்றிப் பத்து மாதம்

ஸூலிப் என்ற செயலிக்கு ஏன் மாறினோம் என்பது, பழைய வாட்ஸ்அப் குழுவில் ஓர் இரவு நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும். மட்டக்களப்பில் கம்பஸ் படிக்கிற தங்கச்சி ஒருத்தி பத்தரை மணி போல ஒரு கேள்வி போட்டாள். பைத்தன் என்ற நிரல் மொழியில் ஒரு பங்ஷன் (பெயர் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிடக்கூடிய கோடுத் துண்டு) எழுதி, எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ள டிபோல்டாக ஒரு வெறும் லிஸ்ட்டைக் கொடுத்திருக்கிறாள், ஆனால் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் போன தடவை போட்டதெல்லாம் அதற்குள் அப்படியே கிடக்கிறது, எனக்கு விசர் பிடிக்குது என்று எழுதியிருந்தாள். நல்ல கேள்வி. பைத்தன் பழகுகிற எல்லாரும் ஒருநாள் இந்தக் குழிக்குள் விழுந்துதான் எழும்புவார்கள். அந்த லிஸ்ட், பங்ஷனை வரையறுக்கும் நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் உருவாகும், கூப்பிடும்போதெல்லாம் புதிதாக வராது, ஆகவே டிபோல்டை ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை, என்று விட்டுவிட்டு உள்ளே புது லிஸ்ட் ஒன்றை உருவாக்க வேண்டும். பதில் இவ்வளவுதான்.

இந்த இரண்டு வரி அவளுக்குக் கிடைக்க அடுத்த நாள் பின்னேரம் ஆகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு ஒருவருக்குப் பிறந்தநாள், எழுபது பேரில் நாற்பது பேர் கேக் படம் போட்டார்கள். காலமை ஒரு அண்ணா வழக்கம்போல் சூரியன் உதிக்கிற படத்தோடு வணக்கம் சொன்னார். பிறகு வெள்ளவத்தையில் கரண்ட் போயிட்டுதா, எங்களுக்கு இருக்கு, எங்கட லேனில் இல்லை என்று ஒரு இருபது செய்தி. பிறகு மாட்ச். யாரும் அவளுடைய கேள்வியை வேண்டுமென்று தாண்டிப் போகவில்லை, அது மேலே போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அப்படித் தெரியாதே. அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் குழு ஒன்றும் பெரிய அமைப்பு இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒன்றாக டியூஷன் போன ஏழெட்டுப் பேர் தொடங்கியது, பிறகு அவரவர் அலுவலகத்து ஆட்கள், மொறட்டுவைப் பக்கம் படிக்கிற தம்பிமார், கனடாவுக்குப் போய்விட்ட இரண்டு பேர் என்று வளர்ந்தது. விதிமுறை எல்லாம் போட்டுப் பார்த்தோம். ‘புரோகிராமிங் தவிர வேறு எதுவும் வேண்டாம்’ என்று குழு விபரத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தோம். யார் வாசிக்கிறது? வாசித்தாலும், காலை வணக்கம் போடுகிற அண்ணாவிடம் போய் ‘அண்ணா, இது இதற்கான இடமில்லை’ என்று எந்தத் தம்பி சொல்வான்? நான் ஒருக்கால் சொன்னேன். மிகவும் மரியாதையாக, ஸ்மைலி எல்லாம் போட்டு. அவர் ஒரு பதிலும் சொல்லாமல் குழுவை விட்டுப் போனார், பின்னாலேயே அவருடைய தம்பியும் போனார், அந்த வருடம் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்குக் கார்ட் வரவில்லை. வெள்ளைக்காரனின் கோடிங் குழுக்களில் ‘ஆஃப் டாபிக்’, அதாவது பேச்சில் இருந்து விலகல், என்று இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயம் எங்களிடம் இரண்டு குடும்பத்துப் பிரச்சினையாகிவிடுகிறது.

அதனால்தான் ஸூலிப். இது குழுவாகக் கதைப்பதற்கான ஒரு செயலி, பிரவுசரிலும் ஃபோனிலும் ஓடும். 2012இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பழைய மாணவர்கள் சிலர் தொடங்கினார்கள், 2014இல் டிராப்பாக்ஸ் நிறுவனம் வாங்கியது, 2015இல் முழுக்க ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் கோடைப் பார்க்கக்கூடியதாக, ஆக்கினார்கள். பைத்தனிலும், பைத்தனில் இணையச் செயலி கட்ட உதவுகிற ஜாங்கோவிலும் எழுதியது, விரும்பினால் கோடைத் திறந்து பார்க்கலாம், சொந்த சேர்வரிலும் நிறுவலாம். ரஸ்ட் என்ற நிரல் மொழியை உருவாக்குகிறவர்களும், கணித நிறுவல்களைச் சரிபார்க்கிற லீன் மொழிக்காரர்களும் தங்கள் வேலைப் பேச்சை இதில்தான் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அவர்கள் தருகிற இலவச கிளவுட் திட்டத்தைத்தான் பாவிக்கிறோம், காசு கட்டவில்லை.

மற்றச் செயலிகளில் இருந்து இது எங்கே வேறுபடுகிறது என்றால், இங்கே சேனல் என்று ஒன்று, அதற்குள்ளே தலைப்பு என்று இன்னொன்று. ‘பைத்தன்’ என்ற சேனலுக்குள் ‘டிபோல்ட் லிஸ்ட் பழையதை வைத்திருக்கிறது’ என்பது ஒரு தலைப்பு. ஒவ்வொரு செய்தியும் ஏதோ ஒரு தலைப்புக்குக் கீழேதான் போய் விழும். இடது பக்கத்தில் தலைப்புகள் வரிசையாக நிற்கும், எதில் எத்தனை வாசிக்கவில்லை என்று எண் காட்டும். அந்தத் தங்கச்சியின் கேள்வி இங்கே இருந்திருந்தால் பிறந்தநாள் நாற்பது கேக்கும் வேறொரு தலைப்பில் குவிந்திருக்கும், அவளுடையது தன் பாட்டில் ஓர் ஓரத்தில் காத்திருந்திருக்கும். அலுவலகம் முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டியில் இருந்து தொங்கிக்கொண்டு வருகிற ஒருவன் அதை மட்டும் திறந்து வாசித்துப் பதில் போடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

தலைப்பு வைக்கிற விஷயத்தில் முதல் மாதம் சரியான கரைச்சல். ‘உதவி’ என்று ஒரு தலைப்பு, ‘அவசரம்’ என்று ஒன்று, ‘ஒரு டவுட்’ என்று நாலு. ‘ஹாய் அண்ணா இருக்கிறீங்களா’ என்றுகூட ஒன்று இருந்தது, அதற்குள் அந்த ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் இல்லை. பிறகு பழகினோம். பிழை என்ன என்பதையே தலைப்பாக வை, எரர் வரியை ஆங்கிலத்தில் வந்தபடியே ஒட்டு, அடுத்தவன் தேடும்போது அதைத்தான் தேடுவான் என்று சொல்லிச் சொல்லி வந்தது. இது எங்களுக்கு இன்னும் முக்கியம், ஏனென்றால் ஒருவர் டேட்டாபேஸ் என்று எழுதுவார், இன்னொருவர் தரவுத்தளம் என்பார், மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார், தேடினால் மூன்றும் மூன்று திசையில் இருக்கும். எரர் வரி மட்டும்தான் எல்லாருக்கும் ஒன்று.

கோடை ஃபோனால் படம் எடுத்துப் போடுகிற பழக்கமும் கொஞ்சம் ஒழிந்தது. மூன்று பேக்டிக் (` குறி) போட்டுப் பக்கத்தில் மொழியின் பெயரை எழுதினால் நிறத்தோடு வரும், இடைவெளி குலையாது. பைத்தனில் வரியின் முன் இடைவெளி குலைந்தால் கோடு ஓடாது, இல்லாவிட்டால் வேறு மாதிரி ஓடும், தெரியும்தானே.

சரி, எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். செய்திகளை நகர்த்தலாம். ஒரு தலைப்பில் கதை வேறெங்கோ போய்விட்டது என்றால், அந்த இடத்தில் இருந்து கீழே உள்ள எல்லாவற்றையும் பிடித்து இன்னொரு தலைப்புக்கோ சேனலுக்கோ மாற்றிவிடலாம். ஒரு செய்தியை மட்டும் மாற்றலாம், முழுவதையும் மாற்றலாம். இன்ன இடத்துக்கு இவ்வளவு செய்தி போனது என்று அங்கேயே ஒரு தானியங்கிக் குறிப்பு விழும், அழுத்தினால் அங்கே கொண்டுபோய் விடும். யார் நகர்த்தலாம் என்பதை நிர்வாகி தீர்மானிக்கலாம். சின்ன வசதி போலத் தெரியும். ஆனால் எங்களுக்கு இது கல்யாண வீட்டுப் பந்தியில் தவறி அடுத்த வரிசையில் உட்கார்ந்துவிட்ட பெரியவரை, கையைப் பிடித்து, வாங்கோ மாமா, உங்களுக்கு அங்கே இடம் போட்டிருக்கு என்று கூட்டிக்கொண்டு போவது போல. யாரும் யாரையும் கண்டிக்கவில்லை. எதுவும் அழியவில்லை. கொத்து ரொட்டி பற்றி ஒருவர் எழுதினது கொத்து ரொட்டித் தலைப்பில் பத்திரமாக இருக்கிறது, அதற்குக் கீழே இன்னும் ஆறு பேர் சண்டை பிடித்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

அதற்காகவே ‘அலட்டல்’ என்று ஒரு சேனல் திறந்தோம். எங்கள் ஸூலிப்பில் அதிகம் ஓடுவது அதுதான், மறைக்கத் தேவையில்லை. இது எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறையின் காலத்திலேயே, உபுண்டு என்ற இயங்குதளத்தின் உதவிச் சேனலுக்குப் பக்கத்தில் ஆஃப்டாபிக் என்று தனிச் சேனல் வைத்திருந்தார்கள். மனிசர் அலட்டத்தான் செய்வார்கள், அதற்கு ஒரு விறாந்தை வேண்டும். அலட்டல் வேண்டாதவர்கள் அந்தச் சேனலை மியூட் பண்ணலாம், ஒரு தலைப்பை மட்டும் மியூட் பண்ணவும் முடியும். பரீட்சைக் காலத்தில் தம்பிமார் செய்கிற முதல் வேலை அது.

ஆனால் பிறந்தநாளும் காலை வணக்கமும் உண்மையில் பெரிய தொல்லை இல்லை என்று இந்தப் பத்து மாதத்தில்தான் எனக்கு விளங்கியது. அவை விலகல் என்று பார்த்ததும் தெரியும், தூக்கி அங்கால வைத்துவிடலாம். தலையிடி எதுவென்றால், சம்பந்தம் உள்ளது போலவே இருக்கிற விலகல். ஒரு தம்பி, இணையத்தளம் எழுதுகிற பிஎச்பி மொழியில் ஃபைல் அப்லோட் வேலை செய்யவில்லை என்று கேட்பான். முதல் பதில், இந்தக் காலத்தில் யார் பிஎச்பி எழுதுவது. இரண்டாவது, அதை விட்டுவிட்டு நோட்.ஜேஎஸ் படி. மூன்றாவது, நோட் எல்லாம் பழசு, கோ மொழி படி. நாலாவது ஆள் வந்து ரஸ்ட் என்பார். முப்பது செய்தி, எல்லாமே புரோகிராமிங் பற்றித்தான், ஒருவரும் அவனுடைய பிஎச்பி செட்டிங்கில் அப்லோட் அளவு எவ்வளவு என்று கேட்கவில்லை. கடைசியில் பிழை அதுதான், இரண்டு எம்பி எல்லை, பிஎச்பி வரும்போதே அப்படித்தான் வருகிறது. வேலையிடத்தில் பிஎச்பி கொடுத்தால் அவன் பிஎச்பிதான் எழுத வேண்டும், அவனுக்குச் சம்பளம் கொடுப்பது நீங்களா?

இந்த மாதிரி நேரத்தில் ஸூலிப்பும் தானாக எதுவும் செய்யாது. ஒரு மனிசன் உட்கார்ந்து, இதில் எது கேள்விக்குப் பதில், எது மொழிச் சண்டை என்று பிரித்து நகர்த்த வேண்டும். அந்த மனிசன் பெரும்பாலும் நான். எல்லை எங்கே என்பதும் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. யூஸ்நெட் என்ற பழைய இணையக் கருத்துக்களத்தில் சி என்ற நிரல் மொழிக்கென்று இருந்த குழுவில் திரையில் உள்ளதை அழிப்பது எப்படி என்று கேட்டால் இது இங்கே கேட்கும் விஷயமில்லை என்பார்களாம், ஏனென்றால் சி மொழியின் அதிகாரபூர்வ வரையறையில் திரை என்ற ஒன்றே கிடையாது, அது இயங்குதளத்தின் பாடு. நியாயம்தான், ஆனால் கேட்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டாளே. நாங்கள் முதலில் பதிலைச் சொல்லிவிட்டுப் பிறகு நகர்த்துகிறோம். நகர்த்திவிட்டுப் பதில் சொல்லாமல் விடுவதைப் போல மரியாதைக் கேடு வேறில்லை.

தீர்ந்த தலைப்பைத் தீர்ந்தது என்று குறிக்கலாம், பெயருக்கு முன்னால் ஒரு சரி அடையாளம் விழும். நல்ல வசதி, ஆனால் எங்கள் ஆட்கள் ‘ஓகே அண்ணா சரி வந்துட்டுது’ என்று எழுதிப்போட்டு அடையாளம் போடுவார்கள், எப்படிச் சரி வந்தது என்று எழுத மாட்டார்கள். நான் இப்போது விடுவதில்லை. எதை மாற்றினாய், அந்த வரியைப் போடு என்று கேட்டு வாங்குகிறேன்.

குறை என்று பார்த்தால், இலவசத் திட்டத்தில் கடைசிப் பத்தாயிரம் செய்திகள்தான் தேடலில் வரும். அலட்டலும் அதே கணக்கில் சேரும் என்பதால் எங்கள் மாதிரிக் குழுவுக்கு இது கெதியில் தட்டும். ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கும் கல்விக்கும் இலவசமாகவோ குறைத்தோ தருகிறார்கள், அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், நாங்கள் இன்னும் மினக்கெடவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பார்வையில் இது மிரட்டும். எங்கே எழுதுவது, தலைப்புக்கு என்ன போடுவது, இன்பாக்ஸ் என்று ஒன்று, அண்மைய உரையாடல் என்று இன்னொன்று. வாட்ஸ்அப்பில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது மாதிரி வராது. தலைப்பு யோசிக்கப் பஞ்சிப்பட்டு எழுதாமலே விட்ட ஆட்களும் உண்டு. டெலிகிராமிலும் 2022இல் இருந்து குழுவுக்குள் தலைப்பு பிரிக்கலாம், டிஸ்கோர்டிலும் அதே வருடம் இது போல ஒன்று வந்தது, உங்கள் ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருந்தால் அதுவே போதும் என்பேன். நகர்த்துகிற வசதிக்காக மட்டும்தான் நான் ஸூலிப்பில் நிற்கிறேன்.

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். அந்த ஒன்றைக் குறைப்பது செயலியின் பிழைக்காக என்றும் சொல்ல முடியாது. எழுபது பேரில் இங்கே வந்தது இருபத்தாறு பேர். வந்தவர்களில் பாதி படிக்கிற பிள்ளைகள், கேட்கிறவர்கள். பதில் தெரிந்த பழைய ஆட்கள், முக்கியமாக டேட்டாபேஸில் பதினைந்து வருடம் ஊறின பம்பலப்பிட்டி அண்ணா, இன்னும் வாட்ஸ்அப்பில்தான். இன்னொரு செயலிக்கு என்னட்ட இடமில்லை தம்பி என்று விட்டார். ஆகவே இங்கே ஒரு எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் மொழி) கேள்வி சிக்கினால் நான் அதை நகல் எடுத்துக்கொண்டுபோய் அங்கே அவருக்குத் தனியாக அனுப்புவேன், அவர் இரவு சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகக் குரல் பதிவில் பதில் சொல்வார், அதை நான் கேட்டு எழுதி இங்கே கொண்டுவந்து தலைப்புக்குக் கீழே போடுவேன். நேற்றும் ஒன்று வந்திருக்கிறது, நாலு நிமிடப் பதிவு, அதில் முதல் இரண்டு நிமிடம் மாட்ச்.