குளிர்கால முதுகுவலி: வெந்நீர்ப் பையா, ஹீட்டிங் பேடா, சூட்டுப் பட்டையா?

குளிர் தொடங்கிவிட்டால் கீழ்முதுகு இறுகிப்போய், குனிந்து சாக்ஸ் போடுவதே பெரும்பாடாகிவிடும். எனக்கும் அந்தத் தொல்லை உண்டு. ரப்பர் வெந்நீர்ப் பை, மின்சார ஹீட்டிங் பேட், ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பட்டை மூன்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் பழைய ரப்பர் பையே போதும் என்று முடிவு செய்தேன். பேட் இப்போது அலமாரியில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். குளிர்தான் முதுகுவலியைக் கொண்டுவருகிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். சிட்னியில் 993 முதுகுவலிக்காரர்களை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, வெப்பநிலைக்கும் வலி தொடங்குவதற்கும் தொடர்பு இல்லை என்றே சொன்னது. சிட்னியின் குளிர் கடுங்குளிர் அல்ல என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் குளிர்காலத்தில் நாம் வாழும் விதம் மாறுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடை குறைகிறது, தோளைக் குறுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், போர்வைக்குள் கூடுதல் நேரம் கிடக்கிறோம். அசையாத முதுகு விறைக்கிறது, விறைத்த முதுகை அசைக்கப் பயமாக இருக்கிறது. ஒத்தடத்தின் வேலை இந்தச் சுழலை உடைப்பதுதான். சூட்டில் தசை கொஞ்சம் இளகும், வலி கொஞ்சம் அடங்கும். அந்த இடைவெளியில் எழுந்து நடமாடிவிட வேண்டும்.

சூடு குணப்படுத்தும் என்று யாரும் சொல்லவில்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த கீழ்முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன் முயலவேண்டியவற்றில் ஒத்தடத்தையும் சேர்த்திருக்கிறது. கிடைக்கும் நிவாரணம் சிறியது, சில நாட்களுக்கானது. அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். வசதியில் பேடை மிஞ்ச ஆளில்லை. பொத்தானை அழுத்தினால் சூடு வந்துவிடும், அளவையும் வைத்துக்கொள்ளலாம். வெளியே கிளம்பும்போது பட்டைதான் தோது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: வெந்நீர்ப் பை தானாக ஆறிவிடும்.

இதைக் குறையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதுவே அதன் பெரிய பலம். துவாலையில் சுற்றி முதுகுக்குப் பின்னால் வைத்தால், முதலில் நல்ல சூடு, அப்புறம் இதமான சூடு, அரைமணி நேரம் போல ஆனதும் வெதுவெதுப்பு. மறுபடி சூடு வேண்டுமானால் எழுந்தே ஆக வேண்டும். தண்ணீர் காயும் நேரத்தில் சமையலறையிலேயே நாலு நடை நடப்பேன், மேடையைப் பிடித்துக்கொண்டு இடுப்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்ப்பேன். பெரும்பாலும் இரண்டாவது பை தேவைப்படாது. பேடோடு இருக்கும்போது இது நடக்கவே இல்லை. சூடு குறையாததால் எழ மனம் வராது, மணிக்கணக்கில் படுத்தே கிடப்பேன், எழும்போது முதுகு முன்பைவிட விறைப்பாக இருக்கும்.

ஆறுவதில் பாதுகாப்பும் இருக்கிறது. 44 டிகிரி செல்சியஸ் என்பது தொட்டால் சுடுவது போலத் தோன்றாது. ஆனால் அந்தச் சூடு ஆறு மணி நேரம் போலத் தோலில் நீடித்தால் தீக்காயமே உண்டாகும். பேடைப் போட்டுக்கொண்டு தூங்குவதில் உள்ள ஆபத்து இதுதான். தினமும் ஒரே இடத்தில் சூடு வைத்தால் தோலில் வலை பின்னியது போலப் பழுப்பு நிறம் படரும், அது மறையப் பல மாதம் ஆகலாம். இது பையாலும் வரும். பையோ பேடோ, ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும், இடையில் தோலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் வைக்க வேண்டாம். வலித் தைலம் தடவிய இடத்தின் மேலும் ஒத்தடம் கூடாது.

பைக்குப் பராமரிப்பு உண்டு. கொதிக்கும் நீர் ஊற்றக் கூடாது. கொதித்ததைச் சில நிமிடம் ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்ப வேண்டும். பையைப் படுக்கவைத்தாற்போல் சாய்த்து, தண்ணீர் கழுத்துவரை வந்து எட்டிப் பார்க்கும்வரை காற்றை வெளியே தள்ளிவிட்டு மூடியைத் திருக வேண்டும். பிறகு தொட்டியின் மேல் கவிழ்த்துச் சொட்டுகிறதா என்று பாருங்கள். ரப்பர் வயதாகும். பல பைகளின் கழுத்துப் பக்கம் பூ வடிவ முத்திரை இருக்கும்: நடுவிலுள்ள எண் தயாரித்த ஆண்டு, இதழ்கள் மாதங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. மடித்துப் பார்த்தால் மெல்லிய கீறல்கள் தெரிகிற பையை அன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

சூட்டுப் பட்டையை நான் பயணங்களில் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். உறையைப் பிரித்ததும் உள்ளிருக்கும் இரும்புத்தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூடாகிறது. சுமார் 40 டிகிரியில் எட்டு மணி நேரம் தாங்கும் வகைகள் உண்டு. 2002இல் வெளியான ஒரு சோதனையில், புதிய முதுகுவலிக்கு இந்த வகைப் பட்டை இபுபுரோஃபென், பாராசிட்டமால் இரண்டையும்விட நன்றாக வேலை செய்தது. கட்டியபடியே நடமாடலாம் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் ஒரு தடவையோடு குப்பைக்குப் போகும் பொருளைக் குளிர்காலம் முழுக்க வாங்கிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

காலில் பலம் குறைவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர் அடங்காமல் போவது அல்லது வராமல் போவது, வலியோடு காய்ச்சல் என்று எது வந்தாலும் ஒத்தடம் வைத்துக் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஹீட்டிங் பேடையே வாங்கச் சொல்லும் ஆட்களும் உண்டு. கை நடுக்கம் உள்ளவர்கள், விரல் மூட்டுவலியால் மூடியை இறுகத் திருக முடியாதவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், இவர்கள் கையில் வெந்நீர்ப் பாத்திரத்தைக் கொடுப்பது சரியல்ல. அவர்களுக்கு வாங்கினால், குறித்த நேரத்தில் தானாக அணையும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மடித்து வைக்கவோ மேலே ஏறிப் படுக்கவோ வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள், ஒயர் நைந்திருக்கிறதா என்று அவ்வப்போது நீங்களே பாருங்கள்.