ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கட்டிய கொழும்புக் காலி வீதி: இரண்டு வருட அனுபவம்

மருமகனுக்கு பஸ் ஓட்டும் கேம் ஒன்று செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். ஓடினால் கொழும்பின் காலி வீதியில்தான் ஓடவேண்டும், கற்பனை ஊர் வேண்டாம் என்றுவிட்டான்.

யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பிளோஸ்ம் என்ற ஆட்-ஆன் (கூடுதல் கருவி) வழியாக முப்பரிமாணமாக்கி, கேம் செய்யும் மென்பொருளான கோடோவில் ஓடவிடுகிறேன். வீதிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளவத்தையில் காலி வீதி, மரைன் டிரைவ், இடையில் இறங்கும் ஒழுங்கைகள், கடலோர ரயில் பாதை எல்லாம் முதல் நாளே அதனதன் இடத்தில் நின்றன.

கட்டடங்கள்தான் பாவம். மாடிக் கணக்கு பதியப்படாத கட்டடத்துக்கு ஆட்-ஆன் ஒரு பொதுக் கணக்கைப் போட்டுவிடும். அதனால் ஹம்டன் லேனில் அடுக்குமாடியும் சில்லறைக் கடையும் ஒரே உயரம். அந்த வரைபடத்தில் விடுபட்ட விவரங்களைப் பதியும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியைப் போனில் வைத்துக்கொண்டு பின்னேரங்களில் மாடி எண்ணித் திரிந்தேன். "தம்பி, பிளாட் பாக்கிறீங்களோ?" என்று ஒரு காவலாளி கேட்டார். ஓம் என்று சொல்லித் தப்பினேன். திருத்தம் கேமுக்குள் தானாக வராது, தரவை மறுபடி இறக்கவேண்டும். அப்படி இறக்கியபோது நான் கையால் வைத்த பஸ் தரிப்பிடங்கள் எல்லாம் போயின. இப்போது அவற்றுக்குத் தனிக் கோப்பு.

உண்மையான தலையிடி நிலத்தின் உயரம். "மாமா, ரோட்டு கடலுக்கை போகுது!" என்று கத்தினான் மருமகன். பார்த்தால், கொழும்பில் கடலை நிரப்பி உருவாக்கிய போர்ட் சிட்டியின் வீதிகள் தண்ணீருக்குள். நான் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்தது. போர்ட் சிட்டிக்காக 269 ஹெக்டேயர் நிலம் கடலிலிருந்து மீட்கும் வேலை தொடங்கியதே 2014இல். வீதி இன்றைய வரைபடத்திலிருந்து, நிலம் கால் நூற்றாண்டுக்கு முந்தியது. மூழ்காமல் என்ன செய்யும்? அந்தப் பகுதியை மட்டும் கையால் உயர்த்தினேன்.

அப்புறம் இன்னொன்று: அந்தத் தரவு முழு மீட்டரில்தான் இருக்கும். கொழும்பு போன்ற தட்டை ஊரில் ஒவ்வொரு மீட்டரும் ஒரு படி. பஸ் குலுங்கிக் குலுங்கிப் போனது. ரேடார் கூரையையும் மரத்தையும் சேர்த்தே அளந்திருப்பதால் இல்லாத மேடுகள் வேறு. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நன்றாக மழுக்கிய பிறகுதான் ஓட்ட முடிந்தது.

பணச் செலவில்லை. தொடக்கத் திரையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களின் பெயரைப் போடவேண்டும், அவ்வளவுதான். வீதிப் பெயர்கள் தமிழிலும் பதியப்பட்டிருந்தால் அப்படியே வரும். இல்லாதவற்றை மும்மொழிப் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சேர்த்தேன்.

இப்போது கண்டிக்குப் போகும் மலை வீதியிலுள்ள கடுகண்ணாவ வளைவு வேண்டுமாம். சரி, மலையில் ஒரு மீட்டர் படி கண்ணில் படாது.