ஐந்து ரோடு பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாவா கிளாஸ்: சேரலாமா?

சேலத்தில் ஜாவா (புரோகிராம் எழுதும் ஒரு மொழி) கிளாஸுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பாதி இடங்களில் இன்டர்வியூ கேள்விகளை ஜெராக்ஸ் போட்டுக் கையில் திணித்து அனுப்பிவிடுவார்கள். ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் நடக்கும் இந்த கிளாஸ் அந்த ரகம் இல்லை. பெயரைப் போடவில்லை, திட்டவும் கொஞ்சம் இருக்கிறது.

மெத்தட் என்பது பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு புரோகிராம் துண்டு; ஒரே பெயரில் ஜெனரிக் (எந்த வகை மதிப்புக்கும் பொதுவான) மெத்தடும் சாதா மெத்தடும் இருந்தால் கம்பைலர் (நாம் எழுதியதை மெஷினுக்கு மாற்றித் தரும் புரோகிராம்) எதை எடுக்கும் என்ற ஒரு பாடத்துக்காகவே இங்கே காசு கொடுக்கலாம். சார் போர்டில் இரண்டு மெத்தட் எழுதினார். ஒன்று லாங் (பெரிய முழு எண் வகை) வாங்கும், இன்னொன்று எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும் ஜெனரிக் டி. வெறும் 5 (இன்ட் எனும் சாதா முழு எண் வகை) கொடுத்துக் கூப்பிட்டால் எது ஓடும்? பதிலையும் காரணத்தையும் நோட்டில் எழுதிக் காட்டாமல் லேப்டாப்பைத் திறக்கவே விடவில்லை. ஜாவாவில் லாங்தான் ஓடும். டி என்பது ஆப்ஜெக்ட் வகை, அதற்குள் போக 5 இன்டிஜராக பாக்ஸ் ஆக வேண்டும், அதாவது ஒரு ஆப்ஜெக்டுக்குள் பொதிய வேண்டும். கம்பைலரோ முதல் சுற்றில் பாக்ஸிங் இல்லாமல் பொருந்துவதை மட்டுமே பார்க்கும், அது கிடைக்காவிட்டால்தான் பாக்ஸிங், அதுவும் இல்லையென்றால் கடைசியாக வார்ஆர்க்ஸ் (எத்தனை மதிப்பு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் மெத்தட்). பாக்ஸிங், ஜெனரிக்ஸ், வார்ஆர்க்ஸ் மூன்றுமே 2004-ல் ஜாவா 5-இல் ஒன்றாக வந்தவை, அதனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் சத்தமில்லாமல் வேறு மெத்தடுக்குத் தாவிவிடக் கூடாது என்றுதான் இந்த மூன்று சுற்று ஏற்பாடு.

அப்புறம் அதே இரண்டு மெத்தடையும் சி ஷார்ப் என்ற இன்னொரு மொழியில் எழுதி ஓட்டினார். அங்கே ஜெனரிக் ஓடியது! டி என்பது இன்ட்டாகவே நின்றுகொள்ளும், மாற்றமே வேண்டாம், லாங் என்றால் மாற்ற வேண்டும். லாங்கை அழித்துவிட்டு இன்ட் என்று எழுதியதும் இரண்டும் சமமாகிவிட, ஜெனரிக் இல்லாதது ஜெயித்தது. கிளாஸே கொஞ்ச நேரம் கப்சிப்.

ஸ்டிரிங் லிஸ்ட் வாங்கும் மெத்தடும் இன்டிஜர் லிஸ்ட் வாங்கும் மெத்தடும் ஒரே ஜாவா கிளாஸுக்குள் (மெத்தடுகளை அடக்கி வைக்கும் புரோகிராம் தொகுதி) ஒரே பெயரில் ஏன் ஜாவாவில் கம்பைல் ஆகாது என்பதையும், அதாவது இரேஷருக்கு (கம்பைல் ஆகும்போது ஜெனரிக் வகை விவரத்தை அழிப்பது) பிறகு இரண்டும் வெறும் லிஸ்ட் ஆகிவிடுவதை, எர்ரர் மெசேஜை வரி வரியாகப் படிக்க வைத்தே புரிய வைத்தார்.

குறை என்று பார்த்தால், லாம்டா (பெயரில்லாமல் அங்கேயே எழுதும் குட்டி ஃபங்ஷன்) உள்ளே வந்தால் இந்தத் தேர்வு எப்படிக் குழம்பும் என்பதைக் கடைசி நேரத்தில் அள்ளித் தெளித்துவிட்டுப் போய்விட்டார், அதற்குத் தனி வகுப்பே வேண்டும். கொடுக்கிற நோட்ஸ் சுத்த வேஸ்ட்: "குறிப்பான மெத்தட் தேர்வாகும்" என்று ஒரே வரி, போர்டில் சொன்னதில் கால்வாசிகூட இல்லை. ஃபீஸ் முழுதும் முன்பணம், தவறவிட்ட வகுப்பைத் திரும்ப எடுப்பதில்லை. பைக் நிறுத்த இடமே கிடையாது, வந்தால் பஸ்ஸில் வாருங்கள்.

லூப், அர்ரே இப்போதுதான் படிக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு இல்லை. வேலைக்குப் போய் ஒன்றிரண்டு வருடம் ஆனவர்கள் காலை பேட்சில் சேருங்கள். மதியம் அந்த மாடி தகிக்கும், இருப்பது ஒரே ஒரு ஃபேன்.